தாத்தாவின் மெடலுக்குப் புளி போடலாமா?

கொள்ளேகாலில் இருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகிற சாலையில், ஹனூரைத் தாண்டினால் கௌதள்ளி. இன்றைக்கு இது கர்நாடகம். ஆனால் 1956 நவம்பர் வரை இந்தக் கொள்ளேகால் வட்டாரம் சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தோடு இருந்தது. பிறகு மைசூர் மாவட்டத்தோடு சேர்ந்தது; 1990களின் கடைசியில் சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது அதற்குள் போனது. இந்த எல்லைக் கதைக்கும் பழைய மெடலுக்கும் தொடர்பு உண்டு. இந்தப் பக்கத்துக் குடும்பம் ஒன்றின் டிரங்குப் பெட்டியில் பட்டாளத்து மெடல் கிடைத்தால், அது மைசூர் மகாராஜாவின் குதிரைப்படையில் இருந்தவருடையதாக இருக்கலாம். மெட்ராஸ் சாப்பர்ஸிலோ மெட்ராஸ் ரெஜிமென்ட்டிலோ இருந்தவருடையதாகவும் இருக்கலாம். எது என்பதை மெடலே சொல்லிவிடும். அது எழுதியிருக்கும் இடம் பெரும்பாலும் காசின் ஓரம் போன்ற அந்த மெல்லிய விளிம்பு. தேய்க்கத் தொடங்கினால் முதலில் அழிவதும் அந்த விளிம்புதான்.

பெட்டியைத் திறந்தவுடன் வருகிற ஆசை எல்லோருக்கும் ஒன்றே. கறுத்துப் போயிருக்கிறது, பளபளப்பாக்கிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம் என்று தோன்றும். வீட்டில் குத்துவிளக்குக்குப் புளி இருக்கிறது, வெள்ளிக் கிண்ணத்துக்குத் திருநீறு இருக்கிறது, கடையில் பீதாம்பரி விற்கிறது. அரை மணி நேர வேலை. அந்த அரை மணி நேரத்தில் நூறு ஆண்டுச் செய்தி ஒன்று போய்விடக்கூடும் என்பதால்தான் இதை இத்தனை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மெடல் மேல் ஒட்டியிருக்கும் அழுக்கை எடுக்கலாம், மெடலை எடுக்கக் கூடாது. கறுப்பு நிறம் மெடலின் ஒரு பகுதி. பச்சைப் பொடி மட்டும் நோய். அதற்கு மருத்துவம் வேண்டும்.

முதலில் கையில் இருப்பது என்ன உலோகம் என்று பார்க்க வேண்டும். எல்லா மெடலும் வெள்ளியல்ல.

மைசூர் நாட்டுக்காரர்களுக்கு நெருக்கமான உதாரணம் மைசூர் லான்சர்ஸ். 1914 கடைசியில் சூயஸ் கால்வாயைக் காக்க எகிப்துக்குப் போன குதிரைப்படை அது. 1918 செப்டம்பர் 23 அன்று ஜோத்பூர் லான்சர்ஸுடன் சேர்ந்து ஹைஃபா நகரைப் பிடித்தது. பீரங்கியும் இயந்திரத் துப்பாக்கியும் எதிரே இருக்க, ஈட்டியும் வாளும் வைத்துக்கொண்டு குதிரையில் பாய்ந்த சண்டை. டில்லி தீன்மூர்த்தி சதுக்கத்தில் நிற்கும் மூன்று வீரர் சிலைகள் ஜோத்பூர், மைசூர், ஹைதராபாத் என்ற மூன்று சமஸ்தானப் படைகளைக் குறிப்பவை. பெங்களூரிலும் லான்சர்ஸுக்கு நினைவுத்தூண் உண்டு.

அந்தப் படையில் தொடக்கத்தில் இருந்தே இருந்த ஒரு குதிரை வீரருக்குப் பொதுவாக மூன்று மெடல் வந்திருக்கும். 1914-15 ஸ்டார், நான்கு முனை கொண்ட வெண்கல நட்சத்திரம். குறுக்கே இரண்டு வாள். பிரிட்டிஷ் வார் மெடல், வெள்ளி. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜின் தலை, மறுபக்கம் குதிரை மேல் ஒரு வீரன். விக்டரி மெடல், வெண்கலம். சிறகு விரித்த வெற்றித் தேவதை, வானவில் நிற ரிப்பன். வட்டமான இரண்டிலும் எண்ணும் பதவியும் பெயரும் படையும் விளிம்பில் பதிந்திருக்கும். ஸ்டாருக்கு விளிம்பு கிடையாது என்பதால் பெயர் அதன் பின்பக்கத்தில் இருக்கும். ஆக, 'முன்பக்கத்தை மட்டும் விட்டுவிட்டுப் பின்பக்கம் தேய்த்துப் பார்க்கிறேன்' என்று நினைப்பவர் ஸ்டாரைப் பொறுத்தவரை நேராகப் பெயர் மேலேயே கை வைக்கிறார்.

இரண்டாம் உலகப் போருக்கு வந்தால் கணக்கு மாறும். பர்மா ஸ்டார், ஆப்பிரிக்கா ஸ்டார், இத்தாலி ஸ்டார் போன்ற ஆறு முனை நட்சத்திரங்கள் செம்பும் துத்தநாகமும் கலந்த மஞ்சள் உலோகம். அந்தப் போருக்கான வார் மெடலும், பின்பக்கத்தில் இந்திய வரைபடம் கொண்ட இந்தியா சர்வீஸ் மெடலும் செம்பு-நிக்கல் கலவை. நம் பழைய ரூபாய் நாணயம் போல வெளிறிய வெள்ளை. இவற்றை வெள்ளி என்று நம்பி வெள்ளிக்கான திரவத்தில் முக்குபவர்கள் உண்டு. இந்தியச் சிப்பாய்களுக்கு வந்த இந்தக் காலத்து மெடல்கள் பலவற்றில் பெயர் பதிந்திருக்கும். பிரிட்டனில் தங்கள் ஆட்களுக்கு அரசு பெயர் பொறிக்காமலேயே கொடுத்தது என்பதால், பெயர் தெரியும் ஓர் இந்திய மெடலுக்குத் தனி மதிப்பு இருக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் முந்தியது, மைசூர் மண்ணோடு நேரடியாகப் பிணைந்தது, ஸ்ரீரங்கப்பட்டணம் மெடல். கொள்ளேகாலில் இருந்து காவிரியைத் தாண்டினால் வருகிற மளவள்ளியில் 1799 மார்ச் 27 அன்று திப்புவின் படையும் கம்பெனிப் படையும் மோதின. மே 4 அன்று கோட்டை விழுந்தது, திப்பு இறந்தார். அந்த வெற்றிக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு மெடல் போட்டது. பர்மிங்காமில் மாத்யூ போல்ட்டனின் சோஹோ நாணயச்சாலையில் அடித்தது. வடிவமைத்தவர் குஷ்லர் என்ற ஜெர்மானியர். முன்பக்கத்தில் பிரிட்டிஷ் சிங்கம் மைசூர்ப் புலியைக் கீழே வீழ்த்தி அமுக்குகிறது. பின்பக்கத்தில் கோட்டை மதிலின் உடைப்பை நோக்கிப் படை ஏறுகிறது. ஜெனரல்களுக்குத் தங்கம், அடுத்தவர்களுக்குத் தங்க முலாம் பூசிய வெள்ளி, பிறகு வெள்ளி, பிறகு வெண்கலம் என்று படிப்படியாக இறங்கி, மதில் மேல் உண்மையில் ஏறிய சிப்பாய்க்கு வந்தபோது உலோகம் வெள்ளீயமாகிவிட்டது. நம் வீட்டில் ரசம் வைக்கிற ஈயச்சொம்பின் அதே உலோகம். அந்தச் சிப்பாய்களில் பெரும் பகுதி சென்னை மாகாணத்துப் படையினர் என்பதையும் சொல்ல வேண்டும். சிங்கம் புலியை அமுக்கும் படத்தைத் தமிழ்ச் சிப்பாயும் மார்பில் தொங்கவிட்டுக்கொண்டிருப்பார். அவருக்கு அதைப் பற்றி என்ன தோன்றியது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

ஈயச்சொம்பை வெறுமனே அடுப்பில் வைத்தால் உருகிவிடும் என்று எந்தப் பாட்டிக்கும் தெரியும். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும். அதைவிட முக்கியம், நகத்தால் கீறினாலே தடம் விழுகிற அளவுக்கு மிருதுவானது. வெண்கலத்தில் பத்துத் தடவை தேய்த்து வருகிற சேதம் இதில் ஒரே தடவையில் வரும். அந்த மதிலின் உடைப்பும் ஏறுகிற சின்னச் சின்ன உருவங்களும் மழுங்கிப் போகும். ஈய மெடல் சாம்பல் நிறமாக, மங்கலாக, ஏமாற்றம் தருகிற மாதிரி இருப்பதுதான் அதன் இயல்பு. அதற்குச் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. மெல்லிய தூரிகையால் தூசு தட்டினால் போதும்.

இப்போது வெள்ளியின் கறுப்புக்கு வருவோம். காற்றில் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடு என்ற மெல்லிய படலமாகிறது. அடுப்புப் புகை, கம்பளித் துணி, ரப்பர் பேண்ட், முட்டை, சில வகைப் பெயின்ட் எல்லாமே கந்தகம் தருபவை. ரப்பர் பேண்ட் போட்டுச் சுற்றி வைத்த வெள்ளி மெடலில் அந்தப் பட்டை அப்படியே கறுப்புக் கோடாகப் பதிந்திருப்பதைப் பார்க்கலாம். இந்தப் படலத்தில் இருப்பது மெடலின் சொந்த வெள்ளிதான். தேய்த்து எடுக்கும்போது அந்த வெள்ளியும் சேர்ந்து போகிறது. திருநீற்றிலும் பற்பசையிலும் பீதாம்பரி போன்ற பொடிகளிலும் நுண்ணிய அரவும் துகள்கள் இருக்கின்றன. அவை கறுப்பை மட்டும் பார்த்துப் பார்த்து எடுப்பதில்லை. மேடான இடங்கள் முதலில் தேயும்: மன்னரின் கன்னம், குதிரையின் கழுத்து, விளிம்பின் எழுத்து. பள்ளங்களில் கறுப்பு தங்கி, மேடுகள் வெளிறி இருக்கும்போதுதான் உருவம் ஆழமாகத் தெரிகிறது. முழுக்கப் பளபளப்பாக்கிய மெடல் தட்டையாக, புதிதாக அடித்த போலி போல இருக்கும். அழகுக்காகத் தேய்ப்பவர் உண்மையில் அழகைத்தான் முதலில் இழக்கிறார்.

புளியின் வேலை வேறு. அதில் இருக்கும் டார்டாரிக் அமிலம், உப்பும் சேர்ந்தால், செம்பின் மேல் இருக்கும் ஆக்சைடைக் கரைத்துவிடும். குத்துவிளக்கு பளிச்சிடுவது அதனால்தான். வெண்கல ஸ்டாரில் அதைப் போட்டால் நூறு ஆண்டுகளில் உருவான பழுப்புத் தோல் உரிந்து, சிவந்த வெற்று உலோகம் வெளிவரும். சில வாரங்களில் அதுவும் ஒழுங்கில்லாமல், திட்டுத் திட்டாகக் கறுக்கும். விளக்கை அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி துலக்கலாம். மெடலுக்கு அந்த வசதி இல்லை. எலுமிச்சை, வினிகர் எல்லாமே இதே கதை.

அலுமினியத் தாளும் சோடா உப்பும் வெந்நீரும் வைத்துச் செய்கிற வித்தை இப்போது பரவலாகிவிட்டது. அதில் ஒரு நியாயம் இருக்கிறது: கறுப்பில் இருக்கும் வெள்ளியை அது மறுபடி வெள்ளியாக்கி அங்கேயே விடுகிறது, அரைப்பதில்லை. ஆனாலும் அது பள்ளத்தின் கறுப்பையும் விட்டு வைக்காது. வெளிறிப்போன, சுண்ணாம்பு பூசிய மாதிரி மேற்பரப்பு வரும். தொங்கும் கொக்கி சேரும் பற்றவைப்பு இடத்துக்குள் உப்பு நீர் புகுந்தால் வெளியே வராது. தங்க முலாம் இருந்தால் அதற்கும் ஆபத்து. கரண்டிக்குச் செய்யுங்கள்.

நகைக்கடைப் பட்டறையில் கொடுப்பது இன்னும் மோசம். அங்கே அமிலத் தொட்டி இருக்கிறது, சுழலும் பஃபிங் சக்கரம் இருக்கிறது. கொலுசுக்கு அது சரி. நாளைக்கே காலில் போட்டுத் தேயப் போகிற பொருள். மெடலைச் சக்கரத்தில் வைத்தால் விளிம்பின் கூர்மை உருண்டு, எழுத்துகள் ஓரம் மழுங்கி, சில நொடியில் எல்லாம் முடிந்துவிடும். இதில் பலர் யோசிக்காத ஒரு சிக்கல் இருக்கிறது. மெடல் விற்பனையில் நடக்கும் பெரிய மோசடி, விளிம்பில் இருக்கும் சாதாரணப் பெயரை அரைத்துவிட்டுப் புகழ்பெற்ற படையின் பெயரைப் பொறிப்பது. அரைத்தால் விட்டம் கொஞ்சம் குறையும். பிரிட்டிஷ் வார் மெடல் 36 மில்லிமீட்டர். வாங்குபவர்கள் அளவுகோல் வைத்துப் பார்ப்பார்கள். உண்மையான மெடலையே நீங்கள் பஃபிங் செய்துவிட்டால், உங்கள் தாத்தாவின் உண்மையான பெயர் மேலேயே சந்தேகம் விழும்.

இங்கே ஒருவர் நியாயமாகக் கேட்கலாம்: சிப்பாய்கள் தாங்களே மெடலைத் தேய்த்துத்தானே அணிவகுப்புக்குப் போனார்கள்? ஆமாம். அந்தக் காலப் படைகளில் மெடல் மின்ன வேண்டும் என்பது கண்டிப்பு. பல மெடல்களில் மன்னரின் முகம் மழுங்கியிருப்பதற்கு அதுவே காரணம். பக்கத்து நட்சத்திரத்தின் முனை இடித்து இடித்து வெள்ளி மெடலில் விழுந்த சின்னக் குழிகளும் உண்டு. அந்தச் சிப்பாய் இரண்டையும் சேர்த்து மார்பில் குத்திக்கொண்டு நடந்தார் என்பதற்குச் சாட்சி. குழி இல்லாத மெடல் பெட்டியைவிட்டே வெளியே வராததாக இருக்கலாம். ஆகவே தேய்மானத்தில் இரண்டு வகை: அவர் தேய்த்தது, நாம் தேய்ப்பது. முன்னது அவருடைய வாழ்க்கை. பின்னது நம்முடைய பொறுமையின்மை. இரண்டும் ஒரே மேற்பரப்பில்தான் நடக்கின்றன, ஒன்றின் மேல் மற்றது ஏறினால் பிரிக்க முடியாது. அருங்காட்சியகத்தார் கை வைக்கத் தயங்குவதற்கு இதுதான் காரணம். பளபளப்பு பிடிக்காமல் அல்ல.

சரி, என்னதான் செய்யலாம்? கையை நன்றாகக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். பருத்திக் கையுறை இருந்தால் நல்லது, ஏனென்றால் வியர்வையின் உப்பு விரல் ரேகையாகவே உலோகத்தில் பதியும். மெத்தையாக ஒரு துண்டை விரித்து அதன் மேல் வைத்து வேலை செய்யுங்கள். கீழே விழுந்தால் விளிம்பு நசுங்கும். முதல் வேலை துடைப்பதல்ல, படம் எடுப்பது: முன்பக்கம், பின்பக்கம், விளிம்பைச் சுற்றிலும். கைபேசியை ஒரு பக்கம் சாய்வாக வெளிச்சம் வரும்படி பிடித்தால் மங்கிய எழுத்தும் தெரியும். நேர் வெளிச்சத்தில் காணாமல் போன எண்கள் சாய்வு வெளிச்சத்தில் எழுந்து வருவதைப் பார்க்கும்போது, தேய்க்காமல் இருந்ததற்கு நீங்களே உங்களுக்கு நன்றி சொல்லிக்கொள்வீர்கள். ஆங்கில எழுத்துக்கூட்டல் விநோதமாக இருக்கும். முனியப்பனும் மாதப்பனும் அந்தக் கால எழுத்தரின் காதில் எப்படி விழுந்தார்களோ அப்படி இருப்பார்கள். அதையும் அப்படியே எழுதி வையுங்கள்.

பிறகு நீர்வண்ணத் தூரிகை போன்ற மெல்லிய தூரிகையால் தூசைத் தட்டுங்கள். ரிப்பன் இருந்தால் தண்ணீர் வேண்டாம். பழைய சாயம் ஓடும். ரிப்பன் இல்லாத வெள்ளி அல்லது வெண்கல மெடலில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், காய்ச்சி வடித்த நீரில் மென்மையான சோப்புத் திரவம் ஒரு சொட்டு விட்டு, பஞ்சால் ஒற்றி, சுத்த நீரால் மறுபடி ஒற்றி, உடனே ஒற்றித் துடைத்து உலர வைக்கலாம். தேய்க்க வேண்டாம், ஒற்றுங்கள். நீலமோ சிவப்போ எனாமல் பூசியிருந்தால் தண்ணீரும் வேண்டாம். எனாமலில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும். நகைக்கடையின் அல்ட்ராசோனிக் தொட்டியை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

பச்சையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே சும்மா இருப்பதுதான் தவறு. பச்சையில் இரண்டு உண்டு. தோல் பை, மெழுகு, எண்ணெய் பட்ட இடத்தில் வருகிற கெட்டியான, பிசுபிசுப்பான களிம்பு அவ்வளவு ஆபத்தில்லை. மூங்கில் குச்சியின் நுனியால் பொறுமையாக எடுத்துவிடலாம். இன்னொன்று வெளிர் பச்சைப் பொடி, சின்னப் புள்ளிகளாகக் கிளம்பும். தட்டினால் உதிரும், மழைக்காலத்தில் சில நாளில் மறுபடி வந்து நிற்கும். இது குளோரைடு வேலை. வியர்வையின் உப்பும் ஈரமும் சேர்ந்து செம்பை உள்ளே உள்ளே தின்றுகொண்டே போகும். இதை வெண்கல நோய் என்றே சொல்கிறார்கள். இப்படிப் புள்ளி தெரிந்தால் அந்த மெடலை மற்றவற்றிலிருந்து பிரித்து, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைத்து, தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

தெரிந்தவர் வெகு தூரத்தில் இல்லை. பண்பாட்டுப் பொருள்களைக் காப்பதற்கான லக்னோ தேசிய ஆய்வகத்தின் வட்டாரக் கிளை மைசூரிலேயே இருக்கிறது. கௌதள்ளியில் இருந்து காலையில் பஸ் ஏறினால் போய்வரலாம். பெங்களூரில் பாரம்பரியப் பொருள்களைக் காக்கும் இன்டாக் அமைப்பின் பாதுகாப்பு மையம் உண்டு. தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் எழும்பூர் அருங்காட்சியகம். 1930ல் அங்கே வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கியது. இந்தியாவில் இதில் முன்னோடிகளில் ஒன்று. அதை நடத்திய எஸ். பரமசிவன், வெண்கல நோய் பிடித்த சோழர் காலச் செப்புத் திருமேனிகளை மின்பகுப்பு முறையில் காப்பாற்றியவர். தஞ்சைப் பெரிய கோயில் சுவரோவியங்களை ஆராய்ந்தவரும் அவரே. நடராஜருக்கு வருகிற அதே நோய்தான் விக்டரி மெடலுக்கும் வருகிறது. உலோகத்துக்குத் தெய்வம், சிப்பாய் என்ற பேதம் தெரியாது.

சுத்தம் செய்வதோடு நிற்காமல் 'புதுப்பிக்க' நினைப்பவர்களுக்கு: மறுபடி முலாம் பூசாதீர்கள், மங்கிய பெயரை மறுபடி வெட்டச் சொல்லாதீர்கள். உண்மைப் பெயரையே மறுபடி வெட்டினாலும் அது புதிதாக வெட்டிய பெயர்தான். உடைந்த கொக்கியைப் பத்தரிடம் பற்றவைக்கக் கொடுத்தால் சூடு மெடல் முழுவதும் நிறத்தை மாற்றிவிடும். ஆனால் பழைய ஒட்டு இருந்தால் அதைப் பிரிக்கவும் வேண்டாம். ஸ்ரீரங்கப்பட்டணம் மெடல்கள் தொங்கவிடும் வளையம் இல்லாமலேயே வந்தவை. வாங்கியவர்கள் தங்கள் வசதிக்கு வளையம் வைத்துக்கொண்டார்கள். ஒழுங்கில்லாத அந்த வளையம் வரலாற்றின் பகுதி.

ரிப்பன் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். பூச்சி அரித்து நூலாகிவிட்டால் அதே அகலம், அதே நிறவரிசையில் புது ரிப்பன் போட்டுச் சட்டம் போடுவதில் தவறில்லை. பழையதைத் தூக்கி எறியாமல் ஒரு காகித உறையில் வைத்து, பக்கத்திலேயே பத்திரப்படுத்துங்கள். அந்த ரிப்பன் மடிக்கப்பட்ட விதமும் குத்தூசியின் துருவும்கூட அவர் மெடலை எப்படி அணிந்தார் என்று காட்டும்.

வைக்கும் இடத்தைச் சரி செய்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. செய்தித்தாளில் சுற்றாதீர்கள், அதில் அமிலம் இருக்கிறது. நாணயம் சேர்ப்பவர்கள் பயன்படுத்தும் மென்மையான பிவிசி உறைகள் நாளடைவில் பிசுபிசுத்துச் செம்பைப் பச்சையாக்கும். சாதாரண பாலித்தீன் ஜிப் உறை அதைவிட மேல். அந்துருண்டையும் மெடலும் ஒரே பெட்டியில் வேண்டாம். மெடல்கள் ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனியாக, சிலிக்கா ஜெல்லோடு, சமையலறையில் இருந்து தள்ளி.

விற்க நினைத்தாலும் துலக்காமல் விற்பதே லாபம். சேர்ப்பவர்கள் தொடாத கறுப்புக்குத்தான் கூடக் கொடுப்பார்கள். எடைக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள். 1980 வாக்கில் வெள்ளி விலை எகிறியபோது உலகம் முழுக்க ஏராளமான பிரிட்டிஷ் வார் மெடல்கள் உருக்கு உலைக்குப் போயின. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் அவுன்ஸ் வெள்ளி என்ற ஒரே காரணத்துக்காக. வெளிநாட்டில் இருந்து யாராவது கேட்டால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 1972ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டைக் கடந்த வரலாற்றுப் பொருளை அரசின் அனுமதியில்லாமல் நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. ஹைஃபாவில் சண்டையிட்டவரின் மெடல் அந்த வயதைத் தாண்டிவிட்டது. பர்மா ஸ்டாருக்கு அந்த வயது இன்னும் வரவில்லை.